இங்கிலீஷில் பேசும் மகன்

எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் வருவார்கள். குடிப்பாரா, ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறதா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்பார்கள். ராமநாதபுரம் கேணிக்கரையில் ‘சுல்தான் துப்பறியும் நிலையம்’ என்று பெரிதாக போர்டு மாட்டியிருந்தாலும் ஊரில் எங்களுக்கு ‘மாப்பிள்ளைக் கடை’ என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று இன்றுவரை எங்களாலேயே துப்பறிய முடியவில்லை.

கடைக்குச் சொந்தக்காரர் ஹமீது சுல்தான் பாய். துபாயில் ஒரு பெரிய கடையில் கேமராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து திருடர்களைப் பிடித்த மனிதர். அதனால் யார் வந்தாலும் முதலில் கையைப் பார்ப்பார், முகத்தை அப்புறம் பார்ப்பார். நான் மகேஸ்வரி, அவருடைய உதவியாள். பி.ஏ. ஆங்கிலத்தில் மூன்று அரியர் இன்னும் பாக்கி. வாய் மட்டும் எல்லாப் பேப்பரிலும் பாஸ்.

அன்றைக்கு வந்த சவேரியார் மாப்பிள்ளை பார்க்க வரவில்லை. தங்கச்சிமடத்துக் கடலில் காலமெல்லாம் வலை போட்டவர். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்த இடத்தில் நெஞ்சைக் கீறித் தைத்த தழும்பு தெரிந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“எம் மகன் கிளாட்சன் உசுரோட இருக்கானா, இல்லையா. அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாய். வேற ஒண்ணும் வேணாம்.”

எப்போது கடைசியாகப் பேசினார் என்று பாய் கேட்டார். இன்றைக்குக் காலையில்தான் என்றார் பெரியவர். தினமும் பேசுகிறவரைத் தேட எங்களுக்கு எதற்கு ஃபீஸ் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாக்கை மடித்துக்கொண்டேன்.

பெரியவர் சொன்னதன் சுருக்கம் இது. கிளாட்சன் போன வருஷம் வளைகுடாவுக்கு மீன்பிடி போட் வேலைக்குப் போனான். முதலில் எல்லாம் போன் போட்டு, “அய்யா, சாப்ட்டீகளா” என்று தமிழில்தான் பேசுவான். மாசி மாதத்தில் பெரியவருக்கு மதுரையில் இருதய ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து மகன் போன் போடுவதே இல்லை. அதற்குப் பதிலாக மருமகள் பிரெசில்லாவின் போனுக்குத் தினமும் காலையில் குரல் பதிவு ஒன்று வருகிறது. முழுக்க இங்கிலீஷ். போட்டில் எல்லோரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம், பழகிக்கொள்கிறாராம், கூப்பிட சிக்னல் கிடைப்பதில்லையாம். பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு பிரெசில்லாதான் அர்த்தம் சொல்வாள்.

இந்தக் கதையைப் பெரியவர் கரை முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறார். “கோயில்ல மன்றாட்டு சொல்ற மாதிரி ஒரே தாளத்துல பேசுவான் பாய். புரியாட்டியும் நானும் கூடவே ‘ஆமென்’ சொல்லிக்கிருவேன்” என்றார். சொல்லும்போது அந்தப் பெருமை கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

“போன வாரம் பேசுனதுல நடுவுல ஒரு இருமல் இருமுனான். அந்த இருமலை நான் முன்னமே கேட்டுருக்கேன். அதே பேச்சு, அதே எடத்துல அதே இருமல். மனுசன் பேசுனதையே திரும்பப் பேசலாம் பாய். இருமுனதையே எப்படி இருமுவான்?”

பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். மருமகளிடம் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, கேட்டால் அந்தப் பிள்ளை முகம் என்னவாகுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். பதில் என்னவாக இருந்தாலும் தன்னிடம் மறைக்கக் கூடாது என்று பாயின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

*

மறுநாள் காலையில் தங்கச்சிமடத்தில் இருந்தோம். பாயை மதுரை ஆஸ்பத்திரியில் பழக்கமானவர் என்றும், என்னை அவருடைய ஆபீஸ் பெண் என்றும் பெரியவர் மருமகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். பிரெசில்லாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போகிற அவசரத்திலும் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனாருக்கு எதிரே நின்றாள். நான் என் போனைக் கைப்பைக்குள் ரெக்கார்டிங்கில் போட்டு வாயைத் திறந்து வைத்தேன். பையின் வாயைத்தான்.

போனிலிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிற நல்ல கனமான குரல்.

“பிக் மி அப். பிக் ஹிம் அப். பிக் ஹெர் அப். பிக் அஸ் அப். பிக் தெம் அப்.”

சவேரியார் கண்ணை மூடி, கையைக் குவித்து, ஒவ்வொன்றுக்கும் ‘ஆமென்’ என்றார்.

பிரெசில்லா போனை இறக்கிவிட்டு அர்த்தம் சொன்னாள். “மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்றாக மாமா. ராத்திரி மாத்திரையை முழுங்காமத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைக்கிறீகளாம். அவுகளுக்குத் தெரிஞ்சு போச்சாம்.”

பெரியவர் அகப்பட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி விழித்தார். தலையணைக்குக் கீழே கையை விட்டு மாத்திரையை எடுத்து எங்கள் முன்னாலேயே விழுங்கினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு காபியைக் குடித்தேன்.

திரும்பும் வழியில் பாம்பன் பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை நிறுத்தினோம். சுற்றுலாக்காரர்கள் ரயில் பாலத்தைப் படம் எடுக்கிற கூட்டத்தில் நாங்களும் இரண்டு பேர். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

“பாய், அந்தாளு மாத்திரையைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல. என்னை ஏத்திக்கோ, அவனை ஏத்திக்கோ, அவளை ஏத்திக்கோ, எங்களை ஏத்திக்கோ, அவங்களை ஏத்திக்கோங்குறாரு. கடல்ல மீன் பிடிக்கிறாரா, ஷேர் ஆட்டோ ஓட்டுறாரா?”

பாய் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளை கட்டை விரலைப் பாத்தியா? குரல் முடியுறதுக்குள்ள நிறுத்திப்புட்டா. போன் திரையில கோடு ஓடி முடியக் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அவ விரலுக்கு எங்கன நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கு” என்றார்.

ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என் பதிவைப் போட்டோம். காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, மறுபடி மறுபடி கேட்டேன். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, கிளாட்சனின் குரலுக்குப் பின்னால், எங்கோ தெருமுனையில், மெல்லிதாக ஒரு மைக் கேட்டது. ‘பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஓட்டைக் குடம், ஒடஞ்ச சேர்...’ கிளாட்சனின் குரல் நின்ற இடத்தில் அதுவும் சட்டென்று நின்றது.

அந்த மைக் எங்கள் ஜில்லாவில் போகாத சந்தே கிடையாது. தினமும் கேட்கிற காதுக்கு அது சத்தமாகவே தெரியாது. சவேரியாருக்கும் அதனால்தான் தெரியவில்லை.

“நடுக்கடல்ல ஓட்டைக் குடம் வாங்குற வண்டி போகுது பாய். அரபிக்காரங்க அம்புட்டு முன்னேறிட்டாங்களா?” என்றேன். பிறகு எனக்கே பொறி தட்டியது. கிளாட்சன் வளைகுடாவில் இல்லை, இங்கேதான் எங்கோ இருக்கிறான். எங்கள் தொழிலில் இப்படி ஒளிந்திருக்கிற ஆண்களுக்கு ஒரே காரணம்தான், இன்னொரு வீடு. மருமகளுக்கும் அது தெரிந்திருக்கிறது, மானத்துக்குப் பயந்து மாமனாரிடம் மூடி மறைக்கிறாள். ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் கேஸை முடித்து ஃபைலைக் கட்டிவிட்டேன்.

பாய் மட்டும் அவசரப்படவில்லை. இந்த மாதிரி வாய்ப்பாட்டு இங்கிலீஷை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யாரோ அவரைப் பார்த்தால் மிச்சம் தெரியும் என்றார். வெளிநாடு போவதற்கு முன் ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அனிட்டா மிஸ்ஸிடம் படித்தான் என்று பெரியவரே சொல்லியிருந்தார்.

*

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. படியேறும்போதே கோரஸ் கேட்டது. நர்ஸ் வேலைக்குப் போகப்போகும் பெண்கள், டிரைவர்கள், ஹோட்டல் வேலைக்கு மலேசியா போகிறவர்கள் என்று ஏகப்பட்ட பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கி உட்கார்ந்து ஒரே தாளத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அனிட்டா மிஸ் பாம்பன்காரர். சென்னையில் கால் சென்டரில் பகலில் தூங்கி ராத்திரியில் பேசி அலுத்துப்போய் ஊருக்கு வந்தவர்.

ஒரு டிரைவர் அண்ணன் எழுந்து “கால் பேக் மி” என்றார். வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. ஆள் நடுவில் உட்கார வேண்டும் அண்ணே, “கால் மி பேக்” என்றார். அப்படியென்றால் “வெய்ட் ஃபார் மி” என்பதில் மட்டும் ஆள் ஏன் கடைசியில் நிற்கிறான் என்று டிரைவர் விடாமல் கேட்டார்.

“சிலதுல நடுவுல உக்காருவான், சிலதுல கடைசியில நிப்பான். காரணம் கேட்டா எனக்கே தெரியாதுண்ணே. நம்ம வாய் பழகிக்கிரணும், அம்புட்டுதான். மொதல்ல ‘மி’. பேசுறவன் தன்னை வெச்சுத்தான் ஆரம்பிக்கணும். அப்புறம் ஹிம், ஹெர், அஸ், தெம். ஒரு ஆளை எறக்கிட்டு அடுத்த ஆளை ஏத்துங்க” என்றார் மிஸ்.

மூன்று வருஷம் காலேஜில் எனக்கு ஏறாதது அந்த ஒரு நிமிஷத்தில் ஏறியது. அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்றுகூட இருந்தது. வகுப்பு முடிந்ததும் பாய் என் போனை அவரிடம் நீட்டினார். முதல் வரியிலேயே மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

“கிளாட்சன் அண்ணன். இது பிக் பாடமாச்சே” என்றார். பிறகு முடிவு ஏன் இல்லை, வெட்டிவிட்டீர்களா என்று கேட்டார்.

என்ன முடிவு என்றார் பாய். வகுப்பில் படித்ததை வீட்டில் போய்ச் சொல்லிப் பார்த்து, தினமும் குரல் பதிவாக மிஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம் என்றார் மிஸ். நிறையப் பேர் படிப்பதால், கடைசியில் பெயரும் ஊரும் சொல்லி முடிக்க வேண்டும். மிஸ் தன் போனில் வேறு யாருடைய பதிவையோ போட்டுக் காட்டினார். தெம் அப் முடிந்ததும் ஒரு பெண் குரல், ‘ஜெனிபர், மண்டபம், தேங்க்யூ மிஸ்’ என்றது.

பிரெசில்லாவின் கட்டை விரல் எதை மறைத்தது என்று இப்போது தெரிந்தது. பழைய இரும்பு வண்டி போனதும் கிளாட்சனின் சொந்தத் தெருவில்தான், அவன் வெளிநாடு போவதற்கு முந்தைய ஏதோ ஒரு சாயங்காலத்தில். நான் கட்டி வைத்த இன்னொரு வீடு இடிந்து விழுந்தது. அவமானமாக இருந்தாலும், நல்லவேளை என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மிஸ் தானாகவே மேலே சொல்லிக்கொண்டு போனார். ஈஸ்டர் முடிந்து பிரெசில்லா இங்கே வந்தாளாம். அண்ணன் அனுப்பிய வீட்டுப்பாடம் எல்லாம் வேண்டும், மாமாவுக்கு அவர் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்றாளாம். மிஸ்ஸும் தேடி எடுத்து ஒன்று விடாமல் அனுப்பிவைத்தாராம். நன்றாகப் படிக்கிற ஆள் அவர், வகுப்பில் இல்லாத பாடம்கூடக் கேட்டு வாங்கியவர் என்றார்.

“‘போட்ல மலையாளத்தான், எகிப்துக்காரன்னு கலந்து இருப்பாக மிஸ், தண்ணிக்குள்ள ஆள் விழுந்துட்டா என்ன சொல்லிக் கத்துறது’ன்னு கேட்டாரு. அதுக்காகவே ஒரு பாடம் போட்டுக் குடுத்தேன். அண்ணன் நல்லாத்தான இருக்காரு?”

பாய் ‘வருகிறோம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “உசுரோட இருக்கிறவன் குரலை எவம்மா தேடிப் போயி சேத்து வைப்பா?” என்றார். பிறகு வாய்க்குள், “இன்னா லில்லாஹி...” என்று ஆரம்பித்து முழுதாகச் சொல்லி முடித்தார்.

பாயிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், சாவுச் செய்தி வரும்போதுதான் அவர் அதைச் சொல்வார். அங்கிருந்து ஸ்கூட்டரை நேராகத் தங்கச்சிமடத்துக்கு விட்டோம்.

*

நண்டு கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். வாசல் வேப்பமரத்தடிக்கு வந்த பிரெசில்லாவின் விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. எங்கள் இருவரையும் மறுபடி பார்த்ததும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மாமா அனுப்பினார்களா என்று மட்டும் கேட்டாள். பாய் ஆமாம் என்றதும் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் மாமனாருக்கு நெஞ்சைப் பிளந்து வைத்திருந்த அதே வாரம், தேவிபட்டினத்து வசீம் அவளைத் தேடி வந்திருக்கிறான். கிளாட்சனோடு அதே போட்டில் வேலை பார்த்தவன். ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து, கிளாட்சன் கடலோடு போய்விட்டான், உடம்பு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். தங்கச்சிமடத்து ஆள் வேறு யாரும் அந்தப் போட்டில் இல்லாததால் ஊருக்குச் சேதி எட்டவே இல்லை. பெரியவருக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த பெரியவர் மகன் ஏன் பேசவில்லை என்று கேட்டுக் கஞ்சியைத் தள்ளிவிட்டார், மாத்திரையைத் துப்பினார். அவளுடைய போனில் கிளாட்சன் எப்போதோ பேசிப் பழகின ஒரே ஒரு பதிவு கிடந்தது. வேறு வழி தெரியாமல் அதைப் போட்டாள். சாப்பிடச் சொல்றாக மாமா என்றாள். பெரியவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. அனிட்டா மிஸ் கொடுத்ததெல்லாம் தீர்ந்துபோய், போன வாரம்தான் பழையதையே திரும்பப் போட ஆரம்பித்திருக்கிறாள்.

“எனக்கு ஒரு எழுத்து இங்கிலீசு தெரியாது அக்கா. அவுக என்ன சொல்லியிருக்காகன்னு தெரியாமலேதான் தெனம் ஒண்ணு சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றாள் என்னிடம். பிறகு போனை எடுத்தாள். “மாமாவுக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும். நெறைய மீன் பட்டுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நெசமா என்ன சொல்றாகன்னு சொல்லுங்க.”

இருமல் இருந்த பதிவு அதுதான். அவள் விரல் இப்போது குறுக்கே வரவில்லை.

“புல் மி அவுட். புல் ஹிம் அவுட்.” இருமல். “புல் ஹெர் அவுட். புல் அஸ் அவுட். புல் தெம் அவுட். கிளாட்சன், தங்கச்சிமடம், தேங்க்யூ மிஸ்.”

எனக்கு அர்த்தம் தெரியும். தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு ஒரு நாள்தான் நினைத்தேன். வெறும் பாடம்தான், அர்த்தம் ஒன்றும் இல்லை என்று இழுத்தேன்.

“வேணாம்க்கா. நான் சொன்ன பொய்யே போதும்.”

சொன்னேன். என்னை வெளியே இழு, அவனை வெளியே இழு, அவளை வெளியே இழு. தண்ணீரில் ஆள் விழுந்துவிட்டால் கத்துவதற்காக மிஸ்ஸிடம் கேட்டு வாங்கிய பாடம் என்றும் சொன்னேன். எல்லாப் பாடத்திலும் தன்னை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மிஸ் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

பிரெசில்லா போனை மடியில் வைத்தாள். பிறகு வசீம் சொன்ன மிச்சத்தைச் சொன்னாள். அன்றைக்கு அலை அடித்ததில் இரண்டு பேரும்தான் தண்ணீரில் விழுந்திருக்கிறார்கள். வசீமுக்கு நீச்சல் போதாது. கிளாட்சன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போட்டைப் பார்த்துக் கத்தினானாம். போட்டில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

“‘புல் ஹிம் அவுட்’னு கத்துனாகளாம். அதேதான் திரும்பத் திரும்பக் கத்துனாகளாம். வசீம் அண்ணனைக் கயிறு போட்டு ஏத்திட்டுத் திரும்பிப் பாத்தப்ப இவுக இல்ல.” என்னைப் பார்த்தாள். “அப்ப, மொதல்ல சொல்ல வேண்டியத அவுக சொல்லவே இல்லையாக்கா?”

அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அந்தச் சுருங்கிப்போன கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன்.

பெரியவரிடம் சொல்ல வேண்டாம், துப்பு கிடைக்கவில்லை என்று கைவிரித்துவிடலாம் என்று பாயைக் கெஞ்சினேன். பாய் தலையை ஆட்டினார். அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது, மீதி தெரியாமல் கிடப்பதுதான் அந்த நெஞ்சை அறுக்கிறது என்றார். பிரெசில்லா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“நீங்களே சொல்லுங்க பாய். எனக்கு வாய் வராது. நான் பக்கத்துல தண்ணியும் மாத்திரையுமா நின்னுக்கிறேன்.”

*

சவேரியார் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தார். மருமகள் மதியத்திலேயே எங்களோடு வருவதைப் பார்த்ததும் கையிலிருந்ததை மொத்தமாகக் கொட்டிவிட்டார். பாய் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, கிளாட்சன் இல்ல. மாசியிலேயே கடல்ல போயிட்டாப்ல. இன்னொரு பிள்ளையக் காப்பாத்திட்டுப் போயிருக்காப்ல.”

பெரியவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிரெசில்லா நீட்டிய மாத்திரையை வாங்கி விழுங்கி, தண்ணீரை முழுக்கக் குடித்து, டம்ளரை அவளிடமே கொடுத்தார். நான் பயந்தது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை. ஏன் மறைத்தாய் என்று அவளைக் கேட்கவும் இல்லை. கேட்டது வேறொன்று.

“இம்புட்டு மாசமா நீ எங்கன போயி அழுத தாயி?”

பிரெசில்லா டம்ளரைக் கீழே வைத்தாள். “எங்கனயும் இல்ல மாமா. கண்ணு செவந்தா நீங்க கண்டுபிடிச்சிருவீக.”

பெரியவர் எழுந்தார். கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் மணலில் நடந்தார். கை கொடுக்கப்போன பாயை வேண்டாம் என்றார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம். கோயிலுக்குப் போய், மணியடிக்கிறவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் திடுக்கிட்டுப் பெரியவரைப் பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்தார். சாவுக்கு அடிக்கிற ஒற்றை மணி, விட்டு விட்டு, அந்தக் கரை முழுக்கக் கேட்டது.

அடுப்பை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் வந்தார்கள். யாருக்கு மணி என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். “எம் மகனுக்கு” என்றார் சவேரியார். கூட்டம் பிரெசில்லாவின் பக்கம் திரும்பியது. ஓர் அம்மா எப்போது என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அவள் பார்வை பிரெசில்லாவின் தலையில் இருந்த கனகாம்பரத்துக்குப் போய், கழுத்துத் தாலிக்கு வந்து நின்றது. மாசியிலேயே என்று சொன்னால், புருஷன் செத்தும் இத்தனை மாதம் பூ வைத்துக்கொண்டு திரிந்தாளா என்று அந்தக் கண் கேட்கப்போவது எனக்கே தெரிந்தது. பிரெசில்லா தலையைக் குனிந்தாள்.

சவேரியார் மருமகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இன்னைக்குத்தான் சேதி வந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு முன்னமே ஒண்ணும் தெரியாது. இந்தா, இந்தப் பாய்தான் சேதி கொண்டு வந்தாக. அவுகளையே கேளுங்க.”

அத்தனை கண்ணும் எங்கள் பக்கம் திரும்பியது. சுல்தான் பாய் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“ஆமாம்மா. இப்பத்தான் வந்து சொன்னேன்” என்றார்.

முதலில் கேட்ட அந்த அம்மாதான் ஓடி வந்து பிரெசில்லாவைக் கட்டிக்கொண்டாள். மற்ற பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். கிளாட்சனின் பெயரைச் சொல்லி பிரெசில்லா வாய்விட்டு அழுதாள்.